கன்ஜங்ஷன் கேள்வியா? முதலில் வினையை எண்ணுங்கள்

போட்டித் தேர்வின் ஆங்கிலப் பகுதியில் கன்ஜங்ஷன் (இணைப்புச்சொல்) என்றதும் பலரும் ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்யத் தொடங்குகிறார்கள். பட்டியலும் வேண்டியதுதான். ஆனால் பிழை கண்டுபிடிக்கும் கேள்விகளில் எனக்கு அதிகம் கைகொடுத்தது வேறொரு பழக்கம்: வாக்கியத்தில் எத்தனை முற்றுவினை (எழுவாயோடு சேர்ந்து காலம் காட்டும் வினை) இருக்கிறது என்று எண்ணிவிடுவது.

முற்றுவினை இரண்டு என்றால் அவற்றைச் சேர்க்க ஓர் இணைப்பு. மூன்று என்றால் பெரும்பாலும் இரண்டு. 'ஹேஸ் பீன் வொர்க்கிங்' முழுவதும் ஒரே வினைதான். 'டு' சேர்ந்து வருவதையும், தனியாக 'இங்' என்று முடிவதையும் எண்ணக் கூடாது. ஹூ, விச், தட் மூன்றும் இந்தக் கணக்கில் இணைப்புகளே. தட் சில சமயம் மறைந்து நிற்கும் ('ஐ திங்க் ஹி இஸ் ரைட்'), அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இந்த வாக்கியம்: 'ஆல்தோ ஹி வாஸ் டயர்ட், பட் ஹி வென்ட் டு வொர்க்.' வினைகள் வாஸ், வென்ட் என்று இரண்டு. இணைப்புகளும் ஆல்தோ, பட் என்று இரண்டு. ஒன்று கூடுதல், அங்கேதான் பிழை. 'பிகாஸ்' என்று தொடங்கி நடுவில் 'சோ' போடுவதும் இதே பிழைதான்.

நமக்கு இது ஏன் இவ்வளவு இயல்பாக வருகிறது என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். 'களைப்பாக இருந்தாலும் வேலைக்குப் போனான்' என்னும்போது இணைக்கும் பகுதி முதல் வினையின் வாலில், இரண்டு செய்திகளுக்கும் நடுவில் இருக்கிறது. ஆங்கிலத்தில் அது வாக்கியத்தின் தலைக்குப் போய்விடுவதால் நடுவில் ஏதோ குறைவதாகத் தோன்றுகிறது. அந்த இடத்தில் கையே ஒரு 'பட்'டை எழுதிவிடுகிறது. அங்கே வேண்டியது காற்புள்ளி மட்டுமே. ஆல்தோ பகுதி பின்னால் வந்தால் பெரும்பாலும் அதுவும் தேவையில்லை.

ஹவெவர், தேர்ஃபோர் இரண்டும் இணைப்பு மாதிரியே தெரியும், ஆனால் கணக்கில் வராது. 'ஐ வாஸ் லேட், ஹவெவர் ஐ காட் எ சீட்' என்பதில் வினை இரண்டு, இணைப்பு ஒன்றுகூட இல்லை. ஹவெவருக்கு முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வைத்து, பின்னால் காற்புள்ளி போட்டால் சரியாகிவிடும்.

டிஸ்பைட் இன்னொரு கண்ணி. பொருள் ஆல்தோவுக்குப் பக்கத்தில் இருந்தாலும் அது கன்ஜங்ஷன் அல்ல, பிரிபொசிஷன்; அதற்குப் பின்னால் பெயர்தான் வரும், எழுவாயும் முற்றுவினையும் சேர்ந்து வராது. 'டிஸ்பைட் ஹி வாஸ் இல்' தவறு. 'டிஸ்பைட் ஹிஸ் இல்னெஸ்' சரி. டிஸ்பைட்டோடு 'ஆஃப்' சேராது; 'இன் ஸ்பைட்'டுக்கு அது கட்டாயம்.

எண்ணிக்கையில் சிக்காதவையும் உண்டு, அவற்றை மட்டும் மனப்பாடம் செய்யலாம். நோ சூனர் வந்தால் தேன் (than). ஹார்ட்லி, ஸ்கேர்ஸ்லி வந்தால் வென். அன்லெஸ், லெஸ்ட் இரண்டுக்குள்ளும் எதிர்மறை ஏற்கெனவே இருப்பதால், அந்தப் பகுதியில் மறுபடி 'நாட்' வந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

நாட் ஒன்லி, பட் ஆல்சோ ஜோடியில் பார்க்க வேண்டியது இடம். 'ஹி நாட் ஒன்லி லாஸ்ட் ஹிஸ் பேக் பட் ஆல்சோ ஹிஸ் ஃபோன்' என்பதில் முதலாவதற்குப் பின்னால் வினை, இரண்டாவதற்குப் பின்னால் பெயர். தேர்வு இதைப் பிழையாகவே எடுத்துக்கொள்ளும். 'லாஸ்ட்' முன்னால் நகர்ந்து 'ஹி லாஸ்ட் நாட் ஒன்லி ஹிஸ் பேக்' என்று ஆனால் இரு பக்கமும் பெயர், தராசு நேராகிவிடும்.

பயிற்சிக்குப் பழைய வினாத்தாள்களே போதும். விடைகளை மூடிவைத்துவிட்டு, வினைகளுக்கு அடிக்கோடும் இணைப்புகளுக்கு வட்டமும் போட்டுப் பாருங்கள். கொஞ்ச நாளில் பென்சில் இல்லாமலே கண் எண்ணிவிடும். தேர்வறையில் எண்ணிக்கையும் ஜோடியும் பொருந்திவிட்டால் கன்ஜங்ஷனைச் சுற்றிச் சுற்றி வர வேண்டாம். நேரே டென்ஸுக்குப் போங்கள், பிறகு எழுவாயும் வினையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அவையும் சரி என்றால் 'நோ எரர்' என்று குறிக்கத் தயங்காதீர்கள்.