ஹாம்பர்க், 1713: அடிக்குறிப்பு வினாவில் நான் இழந்த பத்து மதிப்பெண்

சென்ற வாரம் முடிவு வந்தது, மறுதேர்வில் தேறிவிட்டேன். ஓராண்டுக்கு முன் இதே தாளில் நான்கு மதிப்பெண் குறைந்து தவறியவன் என்பதால், அடுத்து எழுதப்போகும் தம்பி தங்கைகளுக்காக, மற்றப் பகுதிகளை விட்டுவிட்டு, என்னை வீழ்த்திய அடிக்குறிப்பு வினாவைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். பழைய வேதாகம விளக்கவுரையின் அடிக்குறிப்பில் சுருக்கமாக வரும் பெயர் யாருடையது என்று கண்டறிந்து எழுதும் வினா அது.

அன்று வந்தது பழைய ஜெர்மானிய விளக்கவுரை ஒன்றின் பக்கம். கீழே பொடி எழுத்தில் 'பப்ரிக்.' என்ற பெயரும், ஒரு நூற்பெயரின் சுருக்கமும், 'ஹாம்ப். 1713' என்ற குறிப்பும் இருந்தன. நான் ரங்கூனில் ஒரு லுத்தரன் வீட்டில் பப்ரிசியுஸ் ஐயரின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவன். கொள்ளுத்தாத்தா கப்பலில் கொண்டுவந்த ஞானப்பாட்டுப் புத்தகம், இராமபாணப் பூச்சி அரித்த ஓரங்களோடு, இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. பெயரைக் கண்ட மகிழ்ச்சியில், 1740-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்பு சென்னையில் ஊழியம் செய்து, வேதாகமத்தைத் தமிழாக்கிய யோகான் பிலிப் பப்ரிசியுஸ் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினேன். அவர் பிறந்தது 1711-இல். அந்த நூல் அச்சேறியபோது அவருக்கு வயது இரண்டு! அடிக்குறிப்பில் இருந்தவர் ஹாம்பர்க் நகரப் பேராசிரியர் யோகான் ஆல்பர்ட் பப்ரிசியுஸ் (1668–1736). பழைய ஏற்பாட்டுப் பெரியோரின் பெயரில் வழங்கி, வேதாகமத்தில் சேர்க்கப்படாமல் தள்ளப்பட்ட நூல்களைத் தொகுத்தவர். ஐயர் பிறந்த ஆண்டு எனக்கு மனப்பாடம் என்பதுதான் இன்றும் நெஞ்சை அறுக்கிறது.

ஆகவே என் அறிவுரை ஒன்றே: பெயரை விரலால் மூடிக்கொண்டு, ஊரையும் ஆண்டையும் முதலில் படியுங்கள். விளக்கவுரை எந்த ஆண்டில் அச்சானது, மேற்கோள் நூல் எங்கே, எப்போது வந்தது என்று ஓரத்தில் எழுதிய பிறகே விரலை எடுக்க வேண்டும். ரங்கூன் ஆற்றின் அக்கரையான தல்லாவிலிருந்து பான்சோடான் துறைக்குப் படகில் வரும் நேரத்தில், கைப்பேசியில் இருந்த பக்க நகல்களை வைத்து நாள்தோறும் இதைப் பழகினேன். நினைவாற்றல் மிக்கவர்களுக்கு இது வீண் வேலையாகத் தோன்றலாம். என்னைப் போல் அவசரப்படுபவர்களுக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை.

ஊர்களின் லத்தீன் பெயர்ச் சுருக்கங்கள்:
'லிப்ஸ்.' – லைப்சிக்.
'ஆர்கென்ட்.' – ஸ்ட்ராஸ்பூர்க்.
'லுக்த்.' – லியோன், பின்னால் 'பாட்.' சேர்ந்தால் லைடன். அந்தப் பின்னொட்டை விட்டுவிட்டால் பிரான்சுக்கும் ஹாலந்துக்கும் வேறுபாடு தெரியாமல் போய்விடும்.

லத்தீனாக்கிய பெயர்கள் பயமுறுத்தும். பொருளைப் பிடித்தால் ஆள் கிடைப்பார். பிஸ்காட்டோர் என்றால் மீனவர்; அவர் பிஷர் என்ற ஜெர்மானியர். 'அ லாப்பிடே' என்ற உரையாசிரியரின் பெயரில் இருப்பது கல். கொர்னேலிஸ் வான் டென் ஸ்டேன் என்ற அவருடைய இயற்பெயரிலும் கல்லே இருக்கிறது. 'யார்கி' என்று கண்டால் புது ஆளைத் தேட வேண்டாம்: யூத உரையாசிரியர் ராஷியைத்தான் (1040–1105) பழைய கிறிஸ்தவ நூல்கள் தவறாக அப்படி அழைத்தன.

ஒரே குடும்பத்தார்தாம் மிகவும் கடினம். மிக்காயேலிஸ் என்று மூவர் உண்டு. 1720-இன் எபிரெய வேதாகமப் பதிப்பு என்றால் ஹாலே நகரத்து யோகான் ஹைன்ரிச். கெட்டிங்கன் நகரம் என்றால் யோகான் டாவிட் (1717–1791). இவருடைய தந்தை கிறிஸ்டியான் பெனடிக்ட் இருவருக்கும் இடைப்பட்டவர் என்பதால் அவரைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம். பிரான்ஸ் டெலிட்ச் வேதாகம உரையாசிரியர். மகன் பிரீட்ரிக் அசீரிய மொழி அறிஞர். அசீரியரின் ஆப்பு வடிவ எழுத்தைப் பற்றிய குறிப்பாக இருந்தால் மகனையே முதலில் நினையுங்கள்.

இன்னொன்று: பழைய அச்சில் நெட்டை 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும். குறுக்குக் கோடு தண்டை வெட்டிச் செல்கிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள்; சென்றால் 'எஃப்', இல்லையேல் 'எஸ்'. 'ரோஃபென்ம்.' என்று ஒருவரைத் தேடி இரண்டு மாலைகளை வீணாக்கியிருக்கிறேன், அது 'ரோசென்ம்.', அதாவது ரோசென்முல்லர்.

அந்தப் பெயரே இம்முறை மறுதேர்வில், பழைய ஏற்பாட்டின் சங்கீதப் புத்தகத்துக்கான உரைப் பக்கத்தின் அடியில் வந்தது. விரலால் மூடினேன். ஊர் லைப்சிக், ஆண்டு 1815-க்குப் பிந்தியது. புதிய ஏற்பாட்டுக்குக் குறிப்புரை எழுதிய தந்தை யோகான் கேயோர்க் அந்த 1815-இலேயே இறந்துவிட்டார். பழைய ஏற்பாட்டுக்கு எழுதிய மகன் எர்ன்ஸ்ட் பிரீட்ரிக் கார்லின் பெயரை எழுதி, காரணத்தையும் இரண்டே வரியில் சேர்த்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போனேன்.