லாப்பிஸில் ஒரு புள்ளி

மணிலா பக்கம் லாஸ் பின்யாஸுக்கு மருத்துவம் படிக்க வந்து மூன்று வருடம் ஆகிறது. நான் தங்கியிருக்கும் வீட்டின் சின்னப் பெண் இரண்டாம் வகுப்பு. ராத்திரிச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்ததும், "கூயா" என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். இங்கே அண்ணனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நேற்று படம் பார்த்துப் பெயர் எழுதும் வீட்டுப்பாடம். பென்சிலுக்கு லாப்பிஸ், காகிதத்துக்கு பப்பெல், புத்தகத்துக்கு லிப்ரோ, மேசைக்கு மெசா. எல்லாம் ஸ்பானியச் சொற்கள். நம் மேசையும் மெசாவின் உறவுதான், போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. ஆனால் டீச்சர் படத்துக்கு நேரே அவள் எழுதியது 'குரோ'. ஸ்பானியருக்கு முன்பே கடல் தாண்டி வந்துவிட்ட குரு! எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் மாமா வாங்கித் தந்த பைபாயின் அட்டையைக் காட்டினாள். இங்குள்ள தகாலோக் மக்களின் பழைய எழுத்து. மெய்யோடு அகரம் சேர்ந்தே இருக்கும். மேலே சின்னக் கோடு வைத்தால் இகரம், கீழே வைத்தால் உகரம். கடைசியில் வரும் மெய்யை எழுத மட்டும் வழியில்லை. அந்தக் கால முறைப்படி லாப்பிஸை 'லாபி' என்றுதான் எழுத முடியும். 1620 வாக்கில் பிரான்சிஸ்கோ லோபஸ் என்ற பாதிரியார் எழுத்தின் அடியில் சிலுவைக் குறி போட்டு அகரத்தை நீக்கப் பார்த்தார். தகாலோக் மக்கள் அதை ஏற்கவில்லை.

1593-இல் மணிலாவில் அச்சான 'தோக்த்ரீனா கிறிஸ்தியானா'வில் இந்த எழுத்து இருக்கிறது. அதே வகை ஜெபப் புத்தகம்தான் 1578-இல் கொல்லத்தில் தமிழில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'. நம் எழுத்து பிழைத்தது. இவர்களுடையது அன்றாடப் புழக்கத்திலிருந்தே போய்விட்டது. 1613-லும் 1625-லும் அதில் எழுதிய நில விற்பனைப் பத்திரங்கள் இங்கே சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன. நிலம் விற்கக்கூடப் பயன்பட்ட எழுத்து! சர்ச் பள்ளிகளில் பிள்ளைகள் ரோமன் எழுத்தில் ஜெபம் மனப்பாடம் செய்தார்கள். ஊருக்கு ஊர் பள்ளி வைத்து ஸ்பானிஷ் கற்பிக்க 1863-இல் ஆணை வந்தபோது பைபாயினைத் தேடுவார் யாருமில்லை. நினைத்தால் மனசு கனக்கிறது.

"உங்க எழுத்தில் லாப்பிஸ் எழுதுங்க" என்றாள். எழுதினேன். கடைசி ஸ் மேல் இருந்த புள்ளியைத் தொட்டு, இது என்ன என்று கேட்டாள். சொன்னேன். உடனே அட்டையைத் திருப்பி, இப்போது பைபாயின் கற்பவர்கள் பலர் போடும் அந்தச் சிலுவைக் குறியைக் காட்டினாள். "அப்போ இதுவும் அதுவும் ஒண்ணுதானே, கூயா?"