க்ளெண்டேல் காதல் நாவல்: வரைவுக் குறிப்புகள்

2025 ஜூன் 2

ஒருவரையொருவர் காதலிக்கும் நாயகிகள் இருவரும் ஆர்மேனியப் பெண்கள். ஷோகிக்கின் குடும்பம் லெபனான் உள்நாட்டுப் போர்க்காலத்தில் பெய்ரூத்தின் பூர்ஜ் ஹம்மூதிலிருந்து கலிபோர்னியாவின் க்ளெண்டேலுக்கு வந்தது; பேசுவது மேற்கு ஆர்மேனியம். லூசினேயின் பெற்றோர் சோவியத் குலைந்தபின் ஆர்மேனியத் தலைநகர் யெரெவானிலிருந்து வந்தவர்கள், கிழக்கு ஆர்மேனியம். உரையாடலில் இரண்டையும் குழப்பினால் ஆர்மேனிய வாசகர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

ஜூன் 5

குடும்பத்தை வில்லனாக்கினால் கதை செத்துப்போகும். ஷோகிக்கின் பாட்டி 1915 ஆர்மேனிய இனப்படுகொலையில் தப்பியவர்களின் மகள். ஆர்மேனியரையே கட்டு, பிள்ளை பெறு, மொழியைக் காப்பாற்று என்று அவர் வற்புறுத்துவது இனமே அற்றுப்போகுமோ என்ற பயத்தால். ஷோகிக் ஓர் ‘ஓதாரை’, வெளியாளைக் கூட்டிவந்தால் சண்டை சுலபம். லூசினேயோ ஆர்மேனியப் பெண். பாட்டி கேட்டதில் பாதி நிறைவேறிவிட்டது, மீதிப் பாதியில்தான் நாவல் இருக்கிறது.

ஜூன் 11

காப்பிக் காட்சி. சிறு கோப்பைத் தண்ணீருக்கு மாவாக அரைத்த தூள் ஒரு தேக்கரண்டி குவித்து, சர்க்கரையும் அப்போதே. சிறு தீ. நுரை விளிம்புக்கு ஏறியதும் இறக்க வேண்டும், கொதித்தால் நுரை உடைந்துவிடும். குடித்தபின் கோப்பையைத் தட்டில் கவிழ்த்து, ஆறியதும் மண்டி வழிந்த தடத்தைப் பார்த்துக் குறி சொல்வார்கள். கல்யாணமாகாதவளுக்கு மாப்பிள்ளை தெரிவது வழக்கம். பாட்டி, “யாரோ வருகிறார்கள்” என்றதோடு நிறுத்தட்டும். அவருக்குத் தெரிந்துவிட்டதா என்ற ஐயம் அடுத்த மூன்று அத்தியாயங்களை இழுத்துப்போகும்.

ஜூன் 12

ஆர்மேனியத் திருச்சபைக்குக் கிறிஸ்துமஸ் ஜனவரி 6. டிசம்பர் 25 என்று வந்த இடங்களைத் திருத்த வேண்டும்.

ஜூன் 18

முதல் தொடுகைக்கு வர்தவார் என்ற தண்ணீர்த் திருவிழா பொருத்தம்: ஈஸ்டருக்கு 98 நாள் கழித்து, இவ்வாண்டு ஜூலை 27. யார்மீதும் யாரும் தண்ணீர் ஊற்றலாம்; இரண்டு பெண்கள் நனைந்து சிரிப்பதை ஊர் கவனிக்காது. ஆனால் பிரிவை ஏப்ரல் 24 இனப்படுகொலை நினைவுநாளில் வைக்கக் கூடாது. அத்தனை பேரின் சாவைக் காதலர் பிணக்குக்குப் பின்னணியாக்குவது அநியாயம்.

ஜூன் 26

இவர்கள் மட்டுமே இப்படி என்று எழுதுவது பொய். ‘காலாஸ்’ என்ற ஆர்மேனியத் தன்பாலீர்ப்பாளர் சங்கம் லாஸ் ஏஞ்சலஸில் 1998இலேயே தொடங்கிவிட்டது.

முடிவு: ஆர்மேனிய அப்போஸ்தலத் திருச்சபை இவர்களுக்கு மணமுடி சூட்டாது. ஆகவே அரசுப் பதிவு, பிறகு வீட்டு வாசல் சடங்கு. வழக்கப்படி மணமகனின் தாய்தான் தம்பதியின் தோளில் லவாஷ் ரொட்டியைப் போட்டுத் தேன் ஊட்டுவார். இங்கே இரு தாய்மாரும் ஆளுக்கொரு லவாஷோடு நிற்கட்டும். அதற்கு லூசினேயின் அம்மா மனம் மாறும் காட்சி ஆறாம் அத்தியாயத்துக்குள் வந்தாக வேண்டும்.