ஊசி போட்டாயிற்று, கடிதம் ஏன் வந்தது?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பொதுச் சுகாதார அலுவலகம் அனுப்பும் கடிதம் முதலில் என் வீட்டுக்குத்தான் வந்தது. 2025 ஜனவரியில், பனி விடாமல் கொட்டிய ஒரு வாரம் அது. நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகனின் பெயரும் பிறந்த திகதியும் இருந்தன. கீழே, அவனுடைய பதிவில் இல்லாத தடுப்பூசிகள் என்று இரண்டு வரி. குறிப்பிட்ட நாளுக்குள் விபரம் தராவிட்டால் பாடசாலையிலிருந்து இடைநிறுத்தப்படலாம் என்றது அடுத்த பந்தி.

அவனுக்கு நான்கு வயது முடிந்ததும் போட வேண்டிய ஊசியைத்தான் இல்லை என்றார்கள். அதைப் போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வைத்தியரின் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டவனை நானும் தாதியும் சேர்ந்து வெளியே இழுத்தோம். லாச்சியைத் திறந்து, போட்ட ஊசிகளை எழுதிவைக்கும் மஞ்சள் அட்டையை எடுத்தேன். திகதியும் வைத்தியரின் கையெழுத்தும் அப்படியே இருந்தன. அட்டையில் இருந்ததை, தடுப்பூசி விபரத்தை அலுவலகத்துக்கு அறிவிக்கும் ஐகான் என்ற இணையத்தளத்தில் ஏற்றினேன். மகனின் ஹெல்த் கார்ட் இலக்கம் கையில் இருந்ததால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில்தான், இந்த நாட்டில் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தும் தெரியாத ஒன்றைத் தெரிந்துகொண்டேன். ஒன்ராறியோவில் குடும்ப வைத்தியர் ஊசி போட்டால் அந்தச் செய்தி தானாகப் பொதுச் சுகாதார அலுவலகத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. பெற்றோர்தான் அறிவிக்க வேண்டும். பாடசாலையிடமும் அந்தப் பதிவு இல்லை. இலங்கையில், எங்கள் ஊரில் கிளினிக்குக்கு ஒரு மாதம் போகாவிட்டால் குடும்பநல உத்தியோகத்தர் வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார். அந்த வழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு, போட்ட ஊசியைப் போய்ச் சொல்வதும் தங்கள் வேலைதான் என்று எப்படித் தோன்றும்?

இரண்டு நாள் கழித்து, பிள்ளைகளைக் கூப்பிடப் போன இடத்தில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். பேரனைக் கூட்டிப்போக வருபவர், முகம் தெரியும், பெயர் தெரியாது. கையில் அதே கடிதம். மருமகன் இரவு வேலைக்குப் போய்விட்டுத் தூங்குகிறார், மகள் வேலையில் நிற்கிறாள், யாரோ கைபேசியில் மொழிபெயர்த்துச் சொன்னார்களாம்.

"பிள்ளை, பேரனை இடைநிறுத்துகிறார்களாம். அவன் என்ன பிழை செய்தான்? வகுப்பில் யாரையும் அடித்துவிட்டானா?"

அவருடைய கண் கலங்கியிருந்தது. அந்தக் கடிதத்தில் அவருக்குப் போய்ச் சேர்ந்தது 'இடைநிறுத்தம்' என்ற ஒரு சொல் மட்டும்தான். ஊரில் ஒரு பிள்ளையைப் பாடசாலையிலிருந்து இடைநிறுத்தினார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. அன்று மாலையே அதிபருக்கு எழுதினேன்: பெற்றோர் சபையில் இருக்கிறேன், தமிழ்க் குடும்பங்களுக்கு இதை விளங்கப்படுத்தும் வேலையைச் செய்து தர விரும்புகிறேன் என்று.

அதிபர் உடனே சம்மதித்தார். கூடவே இரண்டு எல்லைகளைச் சொன்னார். எந்தப் பிள்ளைக்குக் கடிதம் போனது என்பதை எங்களுக்குச் சொல்ல முடியாது, அது குடும்பத்தின் அந்தரங்கம். எனவே எது அனுப்பினாலும் எல்லாத் தமிழ்க் குடும்பங்களுக்கும் அனுப்ப வேண்டும். அடுத்தது, இடைநிறுத்த உத்தரவைப் பிறப்பிப்பவர் பொதுச் சுகாதார வைத்திய அதிகாரி. அதிபர் அதை நிறைவேற்றக் கட்டுப்பட்டவர், தள்ளிப்போட அவருக்கு அதிகாரம் இல்லை. ஓர் உத்தரவு இருபது பாடசாலை நாட்கள் வரை நீளலாம். பாடசாலை அலுவலகத்தில் வந்து கெஞ்சினால் நடக்கும் என்று நினைத்த பல குடும்பங்களுக்கு இதை முதலிலேயே சொல்ல முடிந்தது பெரிய உதவியாக இருந்தது.

முதல் குறிப்பை நான் முழு மூச்சாக எழுதினேன். மாணவர் தடுப்பூசிச் சட்டம் என்ன சொல்கிறது, ஒன்பது நோய்கள் எவை, அவற்றுள் ஒன்று 2010இலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு மட்டும் என்பது, விதிவிலக்குகள் எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம். ஒரு வாரம் கழித்து என் மகனின் நண்பனுடைய புத்தகப் பையில் அதைப் பார்த்தேன். மடித்த மடிப்புக் கலையாமல், வாழைப்பழக் கறையோடு கிடந்தது. அந்தத் தாள் பற்றி அவன் தாயிடம் கேட்டேன். "சட்டக் கடிதம் என்று நினைத்து அவரிடம் காட்ட வைத்தேன் அக்கா" என்றாள்.

இரண்டாவது குறிப்பு அரைப் பக்கம். அது இப்படி இருந்தது:

"உங்கள் பிள்ளை எந்தப் பிழையும் செய்யவில்லை. தடுப்பூசி பற்றிக் கடிதம் வந்திருந்தால், பதிவில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறது என்று அர்த்தம். ஊசி போட்டிருந்தாலும் வைத்தியரோ பாடசாலையோ அதை அறிவிப்பதில்லை. பெற்றோர்தான் அறிவிக்க வேண்டும். கடிதத்தில் உள்ள திகதிக்கு முன், மஞ்சள் அட்டையையோ ஊர்க் கிளினிக் கொப்பியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு கடிதத்தில் உள்ள இலக்கத்தை அழையுங்கள். தமிழில் பேச வேண்டும் என்று சொல்லி மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள்."

இதையே என் குரலில் பதிவுசெய்து வாட்ஸ்அப்பிலும் அனுப்பினோம். ஒரு நிமிடம்கூட இல்லை. பிள்ளைகளைக் கூட்டிவருகிற அம்மம்மாக்களும் அப்பப்பாக்களும் கேட்டது அதைத்தான்.

நோய்களின் பெயரை எழுதும்போதுதான் உண்மையான சிக்கல் வந்தது. எங்கள் பாடசாலையில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களும் உண்டு, சென்னை, கோயம்புத்தூரிலிருந்து வந்தவர்களும் உண்டு. நாங்கள் சின்னமுத்து என்பதை அவர்கள் தட்டம்மை என்கிறார்கள். அவர்களுடைய சின்னம்மை எங்களுக்குக் கொப்புளிப்பான். சின்னமுத்து என்று எழுதினால் சென்னைத் தாய் அதைச் சின்னம்மை என்று எடுத்துக்கொள்வார். ஒரே மொழியில் எழுதிய ஒரே சொல் இரண்டு வீடுகளில் இரண்டு நோய்! கூகைக்கட்டு அவர்களுக்குப் பொன்னுக்கு வீங்கி, குக்கல் அவர்களுக்குக் கக்குவான் இருமல், ஏற்புவலி அவர்களுக்கு ரண ஜன்னி. கோயம்புத்தூர்ப் பெண் ஒருவரோடு உட்கார்ந்து ஒவ்வொரு நோய்க்கும் இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து எழுதினோம். மொழிபெயர்ப்பு என்றால் ஒரு தமிழ் போதும் என்று நினைக்கும் எவரும் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலாக இருந்தது மூளைக்காய்ச்சல். அதற்கான ஊசி பேரனுக்கு இல்லை என்று கடிதம் சொன்னதும், பாடசாலை வாசலில் அழுத அதே அம்மா, "போட்டாயிற்று, கொப்பியில் இருக்கிறது" என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னதும் உண்மை. இலங்கையில் ஒரு வயதில் போடுவது யப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி. ஒன்ராறியோ கேட்பது மெனிங்கோகொக்கல் கிருமிக்கு எதிரானது. தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர். அடுத்த பதிப்பில் 'யப்பானிய மூளைக்காய்ச்சல் அல்ல' என்று தடித்த எழுத்தில் சேர்த்தோம்.

வியாழக்கிழமை மாலைகளில் பாடசாலை நூலகத்தில் ஒரு மேசை போட்டோம். ஒரு மடிக்கணினி, ஒரு தொலைபேசி, இரண்டு தாய்மார். யாருடைய அட்டையையும் பிரதி எடுத்து வைப்பதில்லை, யாருடைய பெயரையும் எழுதி வைப்பதில்லை என்று முதலிலேயே முடிவுசெய்தோம். மருத்துவக் கேள்வி எதற்கும் நாங்கள் பதில் சொல்வதில்லை. பொதுச் சுகாதாரத் தாதியை அழைத்து, மொழிபெயர்ப்பாளர் வந்ததும் தொலைபேசியைக் கொடுத்துவிடுவோம்.

அந்த அம்மா கிளினிக் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மண்ணிறத் தாளில் உறை போட்டு, மூலைகள் தேய்ந்து, நடுவில் நூல் விட்டிருந்தது. அதன்படி பேரனுக்குச் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றும் சேர்ந்த ஊசி ஒன்பதாம் மாதத்தில் ஒன்று, மூன்றாம் வயதில் ஒன்று. இலங்கைக் கணக்கில் பூரணம். ஆனால் ஒன்ராறியோவில் முதலாவது பிறந்தநாளுக்கு முன் போட்டது கணக்கில் வராது. ஆகவே அவனுக்கு இன்னும் ஒன்று வேண்டும். தொலைபேசியில் தாதி இதைச் சொன்னபோது அவருடைய முகம் வாடியது.

"அப்படியானால் எங்கள் ஊரில் பிழையாகப் போட்டார்களா?"

இல்லை அம்மா, என்றேன். தாதி விளக்கியதையே திரும்பச் சொன்னேன்: ஒரு நாட்டில் நோய் சிறுவயதிலேயே பிடிக்கும் ஆபத்து இருந்தால் முந்திப் போடுகிறார்கள், ஆனால் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் உடம்பில் மிச்சம் இருக்கும் வயது அது, அதனால் அந்த ஊசி சிலருக்கு முழுதாகப் பலிக்காமல் போகலாம். இரண்டு நாடும் தங்கள் பிள்ளைகளைப் பார்த்துத்தான் அட்டவணை போட்டிருக்கின்றன. இதைச் சொல்லாமல் 'செல்லாது' என்று மட்டும் சொன்னால், வெயிலில் வரிசையில் நின்று ஊசி போட்ட தாய்க்கு அது பழிச்சொல்லாகவே கேட்கும்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு வேறு கதை. அரசு நிலையங்களில் போடுவது தட்டம்மையும் ருபெல்லாவும் மட்டும் சேர்ந்தது; பொன்னுக்கு வீங்கி அதில் இல்லை. சின்னம்மை ஊசி அங்கும் இலங்கையிலும் அரசு அட்டவணையில் கிடையாது, தனியாரிடம் காசு கொடுத்துப் போட்டவர்களுக்கு மட்டும் இருக்கும். இந்த மூன்று நான்கு இடைவெளிகளை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தோம். வந்தவர்களில் பெரும்பாலோரின் சிக்கல் அதற்குள்ளேயே அடங்கிவிட்டது.

ஒரு தகப்பன் கோபமாக வந்தார். சின்னம்மை ஊசி போட்ட ரசீதே இருக்கிறது, பதிவையும் ஏற்றிவிட்டேன், மறுபடியும் கடிதம் வருகிறது என்றார். சென்னை மருத்துவமனை அட்டையில் இருந்தது 04/06/2017. மகள் பிறந்தது 2016 மே 20. அவர் இங்குள்ள வழக்கப்படி மாதத்தை முன்னால் வைத்து வாசித்து, ஏப்ரல் 6 என்று ஏற்றியிருந்தார். உண்மையில் அது ஜூன் 4. ஏப்ரல் என்றால் பிள்ளைக்கு ஒரு வயது ஆகவில்லை, ஊசி கணக்கில் வராது. ஜூன் என்றால் வரும். திருத்தி அனுப்பியதும் முடிந்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் சொன்னோம்: மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

இன்னொரு தகப்பன் ஊசியே வேண்டாம் என்ற எண்ணத்தில் இருந்தார். அவரிடம் வாதாட நான் போகவில்லை. மனச்சாட்சி அல்லது மத நம்பிக்கையின் பேரில் விதிவிலக்குக் கேட்கலாம், அதற்குப் பொதுச் சுகாதார அலுவலகத்தின் விளக்க வகுப்பில் இருந்து, பிறகு சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்க வேண்டும் என்பதை உள்ளபடி சொன்னேன். பாடசாலையில் நோய் பரவினால் ஊசி போடாத பிள்ளையை வீட்டில் வைத்திருக்கச் சொல்லலாம் என்பதையும் சொன்னேன். அப்போது ஒன்ராறியோவின் தென்மேற்கில் சின்னமுத்து பரவிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபரில் தொடங்கி ஒரு வருடம் நீடித்த அந்தப் பரவலில் 2,300க்கும் மேற்பட்டோருக்கு நோய் வந்தது. அவர் வகுப்புக்குப் போனார் என்று தெரியும். பிறகு என்ன முடிவெடுத்தார் என்று நான் கேட்கவில்லை. வழி இருப்பதை மறைத்தால் நாங்கள் சொல்லும் வேறு எதையும் அவர் நம்பியிருக்க மாட்டார் என்பது என் உறுதியான எண்ணம்.

உத்தரவுத் திகதி நெருங்கிய வாரத்தில் மேசைக்கு வந்தவர்களில் ஒரு குடும்பம் கடிதத்தையே பார்த்திருக்கவில்லை. வீடு மாறியிருந்தார்கள், கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. எங்கள் குரல்பதிவைக் கேட்டுச் சந்தேகத்தில் அழைத்ததால் தப்பித்தார்கள். பாடசாலையில் முகவரியைப் புதுப்பியுங்கள் என்ற ஒரு வரியை அதன்பின் குறிப்பின் மேலேயே போட்டோம்.

வைத்தியரிலிருந்து அலுவலகத்துக்குப் பதிவு நேரே போகும் நாள் வந்தால் இந்த மேசையே தேவைப்படாது. அது வர வேண்டும் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவருகிறேன்.

அந்த அம்மாவின் பேரனுக்கு ஒரே நாளில் இரண்டு ஊசி போட்டார்கள்: சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா, கொப்புளிப்பான் நான்குக்கும் சேர்ந்தது ஒரு கையில், மெனிங்கோகொக்கல் மற்றக் கையில். கொப்புளிப்பானுக்கான அடுத்த தவணைக்கு நாள் குறித்துக் கொடுத்தார்கள். அடுத்த வியாழன் அவர் புது மஞ்சள் அட்டையோடு வந்தார். பதிவை ஏற்றி முடித்ததும், அட்டையைக் கிளினிக் கொப்பியின் உறைக்குள் செருகி, இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து மூடினார். கடவுச்சீட்டு இருக்கும் பெட்டியில்தான் இனி இதுவும் இருக்கும் என்றார்.