சூட்கேஸுக்குள் 22 கிலோமீட்டர்

விடியற்காலை 5 மணிக்கு வண்டி வரும். முந்தைய நாள் இரவு 11 மணிக்குத்தான் என் கணவருக்குப் பெட்டி அடுக்கும் ஞாபகமே வந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து பெரிய சூட்கேஸை இழுத்தவர், "காலிப் பெட்டி ஏன் இப்படிக் கனக்குது?" என்றார். நான் துணி மடிப்பதில் திடீரென்று மும்முரமானேன்.

ஜிப்பை அவர் முக்கால்வாசிதான் திறந்தார். மிச்சத்தை அது தானாகவே திறந்துகொண்டது. அக்ரிலிக் நூலின் குணம் அப்படி. எவ்வளவு அமுக்கினாலும் வாயைத் திறக்காமல் அமுங்கும். விட்டால், பட்டதற்கெல்லாம் சேர்த்துவைத்து எழும்பும். முதலில் ஊதா உருண்டை ஒன்று குதித்து, கட்டிலின் அந்தக் கோடிவரை உருண்டு போய் நின்றது. அதன் பின்னாலேயே ஒரு ஊர்வலம்.

"ஏம்மா, என் சூட்கேஸ்ல என்ன இது?"

"நூலுங்க."

"நூல்னு தெரியுது. இங்க ஏன் இருக்கு?"

"பீரோவுல இடம் இல்லைங்க."

"பீரோவுல ஏன் இடம் இல்ல?"

அதற்கும் பதில் நூல்தான். அதனால் நான் ஒன்றும் சொல்லவில்லை.

இப்படி ஆகும் என்று யார் கண்டார்கள்? ஆரம்பத்தில் வீட்டில் இருந்தது ஒரே ஒரு உருண்டை, ஒரு குரோஷே ஊசி. டம்ளருக்கு அடியில் வைக்க வட்டமாக ஒன்று பின்னினேன். அதற்கு ஓரம் கட்ட வேறு நிறம் வேண்டியிருந்தது. அந்த நிறத்தில் மீந்ததற்கு ஜோடியாக இன்னொரு நிறம். அவ்வளவுதான் கதை. குற்றம் என்று பார்த்தால் அந்த முதல் டம்ளர் மேல்தான் சொல்ல வேண்டும்.

கணவருக்குக் கணக்கு என்றால் உயிர். தூங்க வேண்டிய நேரத்தில் ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, "சரி, மொத்தம் எவ்வளவு இருக்குன்னு இன்னைக்குத் தெரிஞ்சாகணும்" என்று உட்கார்ந்துவிட்டார். சூட்கேஸில் 38. பீரோவில் 41. வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டியை நாம் ஏன் இன்னும் தூக்கிப் போடவில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது, அதில் 21. "அவ்வளவுதானே?" என்றார். நான் சோபாவைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

சோபாவில் உள்ள நான்கு குஷன்களில் இரண்டுக்குள் பஞ்சு இல்லை. உறைக்குள் ஆறு ஆறாக நூல் வைத்து ஜிப் போட்டிருந்தேன். சொந்த மூளையில் உதித்த ஏற்பாடு, வெளியே தெரியவே தெரியாது. அவர் மூன்று மாதமாகத் தினமும் சாய்ந்து உட்காருவது அதில் ஒன்றின் மேல்தான்.

"அதான் முதுகுல எதுவோ உருண்டுகிட்டே இருந்துச்சா? நான் எலும்புன்னு நெனச்சு டாக்டர்கிட்ட காட்டலாம்னு இருந்தேன்!"

ஆக மொத்தம் 112 உருண்டைகள். எல்லாமே 100 கிராம்.

"ஒரே பச்சையில ஏன் எட்டு?" என்று அடுத்த கேள்வி. அதற்கு மட்டும் என்னிடம் நியாயமான பதில் இருந்தது. நூல் உருண்டையைச் சுற்றியிருக்கும் சீட்டில் நிற எண்ணோடு லாட் நம்பர் என்று ஒன்றும் இருக்கும். ஒரே தடவையில் சாயம் போட்டதற்கெல்லாம் ஒரே லாட். அடுத்த தடவை அதே நிறத்தைக் காய்ச்சினாலும் ஒரு பொடி வித்தியாசம் வந்துவிடும். கையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியாது. பின்னி முடித்து விரித்தால் கோடு போட்டது போலத் தெரியும். மகள் போர்த்திக்கொள்ளும் போர்வையில் முழங்காலுக்குக் கீழே அப்படி ஒரு கோடு இருக்கிறது. நூல் போதாமல் இரண்டு மாதம் கழித்து வாங்கிச் சேர்த்த இடம் அது. யாரோ பாதிவரை நனைத்துக் காயவைத்த போர்வை மாதிரி இருக்கும். அன்றிலிருந்து எதை வாங்கினாலும் கூட இரண்டு சேர்த்து வாங்கிவிடுவேன்.

"அப்போ இதெல்லாம் பயத்துல வாங்கினதா?"

"முன்னெச்சரிக்கைங்க."

அவர் தாளில் ஏதோ எழுதிக்கொண்டே போனார். நடுத்தரப் பருமன் உள்ள அக்ரிலிக் நூல் 100 கிராமுக்கு ஏறக்குறைய 200 மீட்டர் வரும். 112 உருண்டைக்கு 22,400 மீட்டர். அதாவது 22 கிலோமீட்டருக்கு மேல். நான் நாளுக்கு அரைமணி நேரம் பின்னினால் 30 மீட்டர் போகும் என்று என்னிடமே கேட்டு வாங்கிக்கொண்டு வகுத்தார். 747 நாள்.

"இனிமே ஒண்ணுகூட வாங்காம இருந்தா ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகும்மா."

உண்மையைச் சொன்னால் எனக்கு மனசு லேசாகிவிட்டது. ஆயுசு முழுக்கப் பின்னினாலும் தீராத அளவுக்கு நூல் சேர்ந்துபோன நிலைமைக்குப் பின்னல்காரர்கள் மத்தியில் 'சேபிள்' என்று பெயரே உண்டு. நான் அந்த எல்லைக்கு வந்துவிட்டேனோ என்று உள்ளூர ஒரு கலக்கம் இருந்தது. வெறும் இரண்டு வருஷம்தான்! இதை அவரிடம் சந்தோஷமாகச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். தாளைக் காந்தம் வைத்துப் பிரிட்ஜ் கதவில் மாட்டிவிட்டு, மகளின் கரடி பொம்மை போட்ட தோள்பையில் நான்கு சட்டைகளைத் திணித்துக்கொண்டு விடிகாலையில் கிளம்பிப் போனார். பத்து நாள் அலுவலக வேலை. அந்தப் பையோடு அங்கே எப்படி நடமாடினார் என்று இன்றுவரை கேட்கவில்லை.

சரி, அவர் வருவதற்குள் எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கிவிடலாம் என்று களத்தில் இறங்கினேன். உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிகள் வந்து சேர்ந்தன. முதல் நாள் வானவில் கணக்காக நிறவாரியாக அடுக்கினேன். பார்க்க அவ்வளவு அழகு! மகள் போட்டோ எடுத்தாள். மறுநாள் தொப்பிக்கு நீலம் தேடும்போதுதான் அழகின் லட்சணம் தெரிந்தது. நூல் சீட்டில் பருமனுக்கு 0 முதல் 7 வரை ஒரு எண் போட்டிருப்பார்கள். 0 சிலந்தி நூல் மாதிரி, 7 கிட்டத்தட்டக் கயிறு. ஒரே நீலம் என்று நம்பி நான் எடுத்த இரண்டில் ஒன்று 3, இன்னொன்று 5. தொப்பியின் ஒரு பாதி ஒல்லி, மறுபாதி குண்டு. எல்லாவற்றையும் கொட்டிப் பருமன்வாரியாக மறுபடி அடுக்கினேன். இப்போது பார்க்க ஒன்றும் அழகாக இல்லை, ஆனால் தேடினால் கிடைக்கிறது.

ஜன்னல் ஓரத் தட்டில் காட்சிக்கு வைத்திருந்த சிவப்பு உருண்டைகளையும் எடுத்தேன். வெயில் பட்ட பக்கம் பழைய செங்கல் நிறம், சுவரைப் பார்த்த பக்கம் அதே பழைய சிவப்பு. லாட் நம்பர் வித்தியாசத்துக்குப் பயந்து சேர்த்துச் சேர்த்து வாங்கியவள், ஒரே உருண்டைக்குள்ளேயே இரண்டு லாட் உண்டாக்கியிருந்தேன்.

அப்புறம் அந்தச் சிக்கல் விவகாரம். சில உருண்டைகளில் நுனியை உள்ளிருந்து எடுக்க வேண்டும். விரலை விட்டுத் துழாவினால் நுனி மட்டும் வராது. குடல் மொத்தமும் கையோடு வரும். அப்படி வெளியே வந்த ஒன்றைப் பிரிக்க ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத விருப்பமில்லை.

அட்டைப்பெட்டியின் அடியில் நான் மறந்தே போயிருந்த ஒரு பொருள் கிடைத்தது: என் முதல் தொப்பி. குரோஷேயில் வட்டம் தட்டையாக வர ஒரு கணக்கு உண்டு. முதல் சுற்றில் 6 கண்ணி, அடுத்ததில் 12, பிறகு 18, 24 என்று சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணம் மாதிரி கீழே மடங்கித் தொப்பியாகும். நான் அன்றைக்குப் போன் பேசிக்கொண்டே ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டிரண்டாகப் போட்டுத் தள்ளியிருக்கிறேன். ஆறாவது சுற்றில் 36 இருக்க வேண்டியது 192 ஆகிவிட்டது. அது எங்கே தட்டையாக இருக்கும்? கோழிக்கொண்டை மாதிரி நான்கு பக்கமும் சுருண்டு நின்றது.

இதைத் தூக்கிப் போடப் போனபோது மகள் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, இது ஹைபர்போலிக் தளம்மா!" என்றாள். நடுவிலிருந்து தள்ளிப் போகப் போக இடம் பெருகி, தட்டையாக இருக்க முடியாமல் சுருளும் பரப்புக்குக் கணிதத்தில் அப்படிப் பெயராம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற கணித அறிஞர் 1997இல் இப்படித்தான் குரோஷே ஊசியால் அந்த வளைவைப் பின்னிக் காட்டினாராம். அதுவரை காகிதத்தை ஒட்டிச் செய்த மாதிரிகள் தொட்டால் பிய்ந்துகொண்டிருந்தனவாம். எனக்குக் கேட்கவே பெருமையாக இருந்தது. அவர் தெரிந்து செய்தார், நான் தெரியாமல் செய்தேன், வித்தியாசம் அவ்வளவுதானே. தொப்பி இப்போது மகளின் மேசை விளக்குக்கு மேல் இருக்கிறது.

ஐந்தாம் நாள் அந்துப்பூச்சி. கம்பளி நூல் வைத்திருந்த பையைத் திறந்ததும் வெளிர் நிறத்தில் குட்டியாக ஒன்று பறந்தது. என் கையில் இருப்பதிலேயே அசல் கம்பளி அந்த ஆறு உருண்டைதான். அக்ரிலிக்கையும் பருத்தியையும் அந்து அவ்வளவாகச் சீண்டாது. ஆட்டு ரோமத்தில் இருக்கிற கெரட்டின் என்ற புரதம்தான் அதற்கு வேண்டும். அதிலும் பறக்கிற பூச்சிக்குத் தின்ன வாயே கிடையாது. எல்லாம் தின்பது புழுவாக இருக்கும்போது. ஆகவே பறந்ததை அடித்துப் பயனில்லை, உள்ளே முட்டையும் புழுவும் இருக்கும். அந்துருண்டை வாடை எனக்கு ஆகாது. கம்பளியைக் காற்றுப் புகாமல் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் பிரீசரில் வைப்பதுதான் வழி. வைத்தேன். எல்லோருக்கும் சொன்னேன், மாமியாரைத் தவிர.

மறுநாள் காலை அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, பிரீசர்ல சாம்பல் நிறத்துல என்னவோ ரோமத்தோட இருக்கே. எலியா?"

"நூல் அத்தை."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அதுக்குக்கூடவா வேர்க்குது?"

விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒன்று மட்டும் சொன்னார்: "எடுக்கும்போது உடனே பிரிக்காத. குளிர் போனப்புறம் பிரி. இல்லேன்னா ஈரம் கோத்துக்கும்." அது சரியான யோசனைதான். கதவைச் சாத்தியவர், அதில் மாட்டியிருந்த தாளைப் படித்துவிட்டு, "747 நாளா? எனக்குக் குளிர் சால்வை எத்தனாவது நாள் வரும்?" என்றார். அத்தனை நூலில் அவருக்கென்று இதுவரை ஒரு முழம்கூடப் பின்னவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நாற்காலிக் கால்களுக்குக்கூடச் சாக்ஸ் பின்னிப் போட்டிருக்கிறேன், தரையில் இழுத்தால் சத்தம் வரக் கூடாது என்று. ரிமோட்டுக்குச் சட்டை இருக்கிறது. அன்றைக்கே பச்சை உருண்டை எட்டையும் எடுத்துச் சால்வை ஆரம்பித்தேன். எட்டும் ஒரே லாட். யாராவது இனிமேல் ஏன் எட்டு என்று கேட்கட்டும்.

பத்தாம் நாள் கணவர் கரடிப் பையோடு வந்து இறங்கினார். பெட்டிகளைப் பார்த்தார், சூட்கேஸைத் திறந்து காலியாக இருப்பதைப் பார்த்தார், குஷனை அமுக்கிப் பார்த்தார். பிறகு பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து, எங்கோ பார்த்துக்கொண்டு நீட்டினார். கருநீலத்தில் ஒரு சிட்டம், முறுக்கிச் சடை மாதிரி மடித்தது.

"வழியில பார்த்தேன். நல்லா இருந்துச்சு."

நான் சீட்டைத் திருப்பிப் பார்த்தேன். 100 கிராம், 200 மீட்டர், ஒரே ஒரு சிட்டம். இதில் ஒரு தொப்பிதான் வரும். போதாவிட்டால் இதே லாட்டுக்கு எங்கே போவது? வாய்வரை வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டேன்.

சிட்டத்தை அப்படியே வைத்துப் பின்ன முடியாது. யாராவது இரண்டு கையிலும் மாட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும், இன்னொருவர் உருண்டையாகச் சுற்ற வேண்டும். பயணக் களைப்போடு சோபாவில் உட்கார்ந்து அவர் கைகளை நீட்டினார். நான் சுற்ற ஆரம்பித்தேன், இறுக்கிச் சுற்றினால் நூல் இழுபட்டுத் துவண்டுவிடும் என்று நிதானமாக. நூறு மீட்டர் இருக்கும், "மூக்கு அரிக்குது" என்றார். கையை எடுக்கக் கூடாது என்றேன். மகள் வந்து சொறிந்துவிட்டுப் போனாள்.

சுற்றி முடித்ததும் அவர் எழுந்து போய்ப் பிரிட்ஜ் தாளில் 112ஐ அடித்து 113 என்று எழுதினார். கொஞ்சம் யோசித்து, 747ஐயும் அடித்து 754 என்று எழுதினார். இடையில் நான் பின்னித் தீர்த்த பத்து நாளை அவர் கழிக்கவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.