வாடைக்கு யார் வீடு?

எங்களுக்குப் பூமிசாத்திரம் படிப்பித்த மாஸ்ரர் தலைநகரங்களைப் பாடமாக்கச் சொன்னதில்லை. யாழ்ப்பாணத்து வடகரையில் உள்ள காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையைக் கரும்பலகையில் கீறிவிட்டு, "சோளகத்துக்கு, அதுதான் தென்மேற்குக் காற்றுக்கு, தூள் கடலுக்குப் போகும். சரி, வடக்கிலிருந்து வாற வாடைக்கு ஆருடைய வீட்டுக்குப் போகும்?" என்று கேட்பார். பின்வாங்குக்காரருக்கு அது பகிடி. நானோ அந்தக் கேள்வியை வைத்தே தென்னாப்பிரிக்காவின் டேர்பனில் சமூகவியல் படிப்பித்து ஓய்வும் பெற்றுவிட்டேன்.

மாசு யார் வீட்டில் போய் விழுகிறது என்று கேட்கும் 'சுற்றுச்சூழல் நீதி' என்ற இந்தத் துறைக்குப் பாதை போட்டவர் அமெரிக்கரான ராபர்ட் புல்லார்ட். வழக்கறிஞரான மனைவி தொடுத்த வழக்கொன்றுக்காக 1979இல் ஹூஸ்டன் நகரின் குப்பைமேடுகளைத் தேடிப் போனார். நகர மக்களில் கால்வாசிப் பேர்தான் கறுப்பினத்தவர். மாநகரசபையின் ஐந்து குப்பைமேடுகளும் அவர்களுடைய குடியிருப்புகளில்தான் இருந்தன. வழக்கு தோற்றது. அந்தக் கணக்கை இன்றும் எல்லோரும் படிக்கிறோம்.

டேர்பனின் தெற்கே மியர்பேங்க். தமிழ்க் குடும்பங்கள் நிறைய, தெருக்களுக்கு இந்திய ஊர்ப் பெயர்கள். 1954இல் ஒரு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1963இல் இன்னொன்று, போதாதென்று கடதாசி ஆலை. யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வரையறுத்திருந்ததால், ஆலைப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்த இடத்துக்கு வீடு மாற முடியாது. காற்றையும் வீட்டையும் இரண்டு அத்தியாயமாக எழுதும் மாணவர்களோடு நான் சண்டை பிடித்ததற்குக் காரணம் இதுதான்.

அங்கே ஒரு அம்மா, முருகன் படத்துக்கு விளக்கேற்ற முன்னர் ஜன்னல் கட்டையை ஈரத்துணியால் துடைப்பார். துணி கறுத்துவிடும். மணத்தை வைத்தே இன்றைக்கு என்ன வருகிறது என்று சொல்வார்: ஒரு நாள் கூழ்முட்டை, இன்னொரு நாள் உரசிய நெருப்புக்குச்சி. இரண்டும் கந்தகம்தான். மூக்கை யார் சாட்சியாக எடுப்பார்கள்? அதனால் 2000ஆம் ஆண்டளவில் ஊர்க்காரர் பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திக் காற்றைப் பிடித்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். அப்புறம் செட்லர்ஸ் ஆரம்பப் பள்ளியில் நடந்த மருத்துவ ஆய்வில், பாதிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஆஸ்துமா அறிகுறி தெரிந்தது.

அந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டம் 1991இல் போயிற்று. 2020 டிசம்பர் தீவிபத்துக்குப் பிறகு ஒரு ஆலை சுத்திகரிப்பை நிறுத்தியது; மற்றதும் 2022இல் நின்றது. இப்போது யாரும் எங்கும் போகலாம், விலை கொடுக்க முடிந்தால்.

யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த செய்தி வந்தபோது மாஸ்ரர் உயிரோடு இல்லை. அந்தக் கிணறுகளைச் சுற்றி வாடகைக்கு இருந்தவர் யார், வேறிடம் போக வசதி இருந்தவர் யார் என்று நம் பள்ளிப் பிள்ளை ஒருவர் வீடுவீடாகக் கேட்டு எழுதினால், வழிகாட்ட நான் தயார்.