தண்ணீர் தெளிக்கும் கை

மலேசியாவில், தாப்பா என்ற ஊரில் 18 வருடமாகக் கல்யாண மேடை கட்டுகிறேன். இந்தத் தொழிலில் கைக்கு முதலில் படிவது சரம் தொடுப்பதல்ல, தண்ணீர் தெளிப்பது. மல்லிகைக் கூடையைத் தாண்டினால் ஒரு தெளிப்பு, ரோஜா வாளியைத் தாண்டினால் இன்னொன்று. யோசிக்கவே வேண்டாம். அந்தக் கைதான் போன வருடம் என்னைக் கவிழ்த்தது.

மணப்பெண் கோலாலம்பூரில் வேலை பார்க்கிற பிள்ளை. பெற்றோர் பக்கத்துத் தோட்டத்தில் செம்பனை வேலை. முகூர்த்தம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில், ராத்திரி விருந்து டவுன் டேவானில், அதாவது மண்டபத்தில். "அக்கா, விருந்துக்குப் பூ வேண்டாம், சக்குலண்ட் வைங்க. வர்றவங்களுக்குக் கொடுக்கிற டோர் கிஃப்ட்டும் அதுதான்" என்று கைப்பேசியில் படம் காட்டினாள். சக்குலண்ட் என்றால் தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்துவைக்கிற செடி. படத்தில் இருந்தது, கல்லில் செதுக்கிய தாமரை போல சாம்பல்பச்சை அடுக்குகள். எச்சிவேரியா. சரி, கேமரன் மலை நமக்குச் சுமார் 60 கிலோமீட்டர்தானே என்று ஒப்புக்கொண்டேன். மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கே உள்ள மிதப்பு அது.

விருந்துக்கு மூன்று வாரம் முன்பே கேமரன் மலையில் பிரிஞ்சாங் ஊர் நர்சரி ஒன்றிலிருந்து 300 தொட்டிகளை இறக்கி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் அடுக்கினேன். எச்சிவேரியாவின் பூர்வீகம் மெக்சிகோ பக்கத்து மேட்டுநிலம். பகலில் வெயில், இரவில் குளிர், ஈரம் தங்காத மண். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பிரிஞ்சாங்கில் இரவுக் குளிராவது உண்டு. தாப்பாவில் ராத்திரியும் புழுக்கம், அந்த ஆவணியில் சாயங்காலம் ஆனால் மழை. போதாக்குறைக்கு நானும் உதவிக்கு வருகிற தம்பியும் போகும்போதும் வரும்போதும் தெளித்தோம்.

பத்தாம் நாள் ஒரு தொட்டியைத் தூக்கினேன். அடி இலை கையோடு வந்துவிட்டது. வெந்த பூசணித் துண்டு மாதிரி ஊடே வெளிச்சம் தெரிந்தது. தண்டில் விரல் வைத்தால் கறுப்பாக நசுங்கியது. எண்ணிப் பார்த்தேன், 110 போயிருந்தது. அன்று சோறு இறங்கவில்லை.

மிச்சத்தை மண்ணோடு உதறி, பருமணலும் எரித்த உமியும் கலந்து மாற்றி நட்டோம். காற்றாடி போட்டோம். தெளிப்பானைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன், தம்பியை நம்பாமல் அல்ல, என்னை நம்பாமல். போனதுக்கு ஈடாக நிழலையும் வெக்கையையும் தாங்குகிற ஹவொர்த்தியா என்ற இன்னொரு சக்குலண்ட் வாங்கினேன். லிடா மெர்துவா குட்டிகளும் மலிவாகக் கிடைத்தன, ஆனால் பெயரைக் கேட்டதுமே மணப்பெண் சிரித்துவிட்டு வேண்டாம் என்றாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு 'மாமியார் நாக்கு' கொடுத்துவிட்டு அவள் அங்கே போய் வாழ வேண்டாமா!

மேடைக்குத் தொட்டி வைக்கவில்லை. பெரிய எச்சிவேரியாக்களை இரண்டு விரற்கடைத் தண்டோடு வெட்டி, வெட்டுவாய் காயும்வரை மூன்று நாள் தட்டில் போட்டுவைத்து, தண்டில் கம்பி குத்திப் பச்சை நாடா சுற்றினோம். ரோஜாவைப் போல இது லேசானதில்லை, கனத்தில் கம்பி வளைந்துவிடும். அதனால் கண்ணுக்கு நேரே வருகிற இடத்தில் மட்டும் வைத்து, மற்ற இடங்களை இலைகளால் நிரப்பினேன். இன்னொன்று, இலைமேல் விபூதி பூசினாற்போல மெழுகுப் பொடி இருக்கும். தொட்டால் விரல் ரேகை பதியும், அந்த இலையில் அது பிறகு மறைவதே இல்லை. இலையைத் தொடாமல் தண்டைப் பிடித்தே வேலை செய்யப் பழக எங்களுக்கு ஒரு நாள் ஆனது. ஒன்று சொல்ல வேண்டும்: முந்தின நாள் மத்தியானமே மேடையை முடித்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்த் தூங்கினேன். பூ வேலையில் அப்படி ஒரு தூக்கம் எனக்கு வாய்த்ததேயில்லை.

விருந்தன்று பெண்ணின் அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "நல்ல காரியத்துக்குக் கள்ளிச்செடியாம்மா கொண்டாந்தே?" அவர் பயம் எனக்குப் புரிந்தது. கள்ளி என்றால் சுடுகாட்டு நினைப்பு, கள்ளிப்பால் நினைப்பு. ஒரு ஹவொர்த்தியா இலையைக் கிள்ளிக் காட்டினேன். பால் வரவில்லை, கண்ணீர் மாதிரி தெளிந்த நீர்தான் வந்தது. "இது கத்தாழைக்குச் சொந்தம் அத்தை. உங்க வீட்டு நிலையில திருஷ்டிக்குத் தலைகீழாத் தொங்குதே, அது." அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் தாம்பூலப் பையில் வெற்றிலை பாக்கையும் சேர்த்துப் போட்டால்தான் ஆச்சு என்றார். போட்டோம். எனக்கும் அதுவே சரியென்று பட்டது, வெறும் செடியை மட்டும் கையில் கொடுத்தனுப்புவது மொட்டையாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்து வேறொரு விசேஷத்துக்கு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர் லயத்து வீட்டு வாசல்களில் எங்கள் தொட்டிகள். பாதிக்கு மேல் வெறும் மண். தினமும் மறக்காமல் ஊற்றியதாக ஒவ்வொருவரும் வருத்தத்தோடு சொன்னார்கள். அத்தை வீட்டில் ஜன்னல் ஓரம், பழைய மைலோ டின்னுக்குப் பின்னால் ஒன்று இருந்தது. பக்கத்தில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குட்டி.

"கோவிச்சுக்காதேம்மா," என்றார் அத்தை. "தண்ணி ஊத்தவே மறந்துட்டேன்."